சட்டம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு யார் துணை? வழிகாட்டுதல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருடா வருடம் ஏ நிலைத் தேர்வு முடிவு வந்த வாரத்தில் என் கைத்தொலைபேசிக்கு ஓய்வு இருக்காது. "எம்மா, பையன் லா எடுக்கிறேங்கிறான். எங்க வீட்ல யாருக்கும் அதப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீ கொஞ்சம் பேசேன்" என்று ஓர் அத்தையோ பழைய பக்கத்து வீட்டுக்காரரோ அழைப்பார்கள். நானும் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள்தான். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். சிங்கப்பூரில், ஈசூனில் மூவறை வீடு. உறவில் ஒரு வழக்கறிஞர்கூடக் கிடையாது. இப்போது குடும்ப வழக்குகளும் குற்றவியல் வழக்குகளும் நடத்துகிறேன். சனிக்கிழமைகளில் சட்ட மாணவர்கள் சிலரோடு உட்காருகிறேன். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நல்ல மதிப்பெண் எடுத்துத்தானே உள்ளே போகிறார்கள். பிறகு எதற்கு வழிகாட்டி?

சட்டப் படிப்பில் சேரும் எல்லாரும் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள்தான். அதனால் அந்த மதிப்பெண்ணின் வேலை சேர்ந்த அன்றே முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் பெல் கர்வ் முறையில் தரம் பிரிக்கிறார்கள்; அதாவது, நீங்கள் எப்படி எழுதினீர்கள் என்பதோடு பக்கத்தில் இருப்பவர் எப்படி எழுதினார் என்பதும் கணக்கில் வரும். அந்தப் பக்கத்து மாணவரின் அம்மாவோ மாமாவோ வழக்கறிஞராக இருந்தால், அவர் சின்ன வயதிலிருந்தே சாப்பாட்டு மேசையில் நீதிமன்றக் கதைகளைக் கேட்டு வளர்ந்திருப்பார். எந்த விடுமுறையில் எந்த நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், நேர்முகத்துக்கு என்ன உடுத்த வேண்டும், ஒரு தீர்ப்பை எங்கிருந்து படிக்கத் தொடங்க வேண்டும் என்றெல்லாம் அவருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். காதில் விழுந்தே தெரிந்திருக்கும்.

நம் பிள்ளைகளில் பலருக்கு அந்தச் சாப்பாட்டு மேசை கிடையாது. அறிவில் எந்தக் குறையும் இல்லாமலே முதல் ஆண்டில் பின்தங்குகிறார்கள். வழிகாட்டி என்று நான் சொல்வது அந்தப் பேச்சைக் கொஞ்சம் தாமதமாகவாவது அவர்களுக்குக் கொண்டுவந்து தருகிற ஆளை.

சட்டப் படிப்பில் அப்படி என்ன பிடிபடாமல் போகும்?

முதலில், படிக்கும் முறை. 1932இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த டோனகு எதிர் ஸ்டீவன்சன் வழக்கை உலகெங்கும் முதலாண்டு மாணவர்கள் படிக்கிறார்கள். இஞ்சி பீர் புட்டிக்குள் நத்தை இருந்ததாகச் சொல்லி ஒரு பெண்மணி தயாரிப்பாளர் மீது தொடுத்த வழக்கு அது. நம் பிள்ளை என்ன செய்வான்? பள்ளியில் படித்த பழக்கத்தில் நத்தை, புட்டி, கடை, ஊர் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வான். தேர்வில் நத்தை வராது. தோ பாயோ புளோக் ஒன்றில் மின்தூக்கி பழுதாகிறது, பராமரிப்பு நிறுவனம் ஒரு சோதனையைத் தவறவிட்டிருக்கிறது, ஒருவர் காயப்படுகிறார், அவரை நம்பி வியாபாரம் செய்த இன்னொருவருக்குப் பணம் நட்டம் என்று ஒரு கற்பனைச் சம்பவம் இரண்டு பக்கத்துக்கு வரும். யார் யார் மீது வழக்குத் தொடுக்கலாம், வெல்வாரா என்பதுதான் கேள்வி. பல பாடங்களில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம் என்பதால் மனப்பாடம் செய்தவருக்கு எந்தச் சலுகையும் இல்லை.

சிங்கப்பூரில் அந்தக் கேள்விக்கு விடை தேட 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்பான்டெக் வழக்கில் வகுத்த அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். தீங்கு நேரும் என்று முன்கூட்டியே ஊகித்திருக்க முடியுமா என்பது முதல் வாசற்படி. அப்புறம், இரு தரப்புக்கும் இடையே சட்டம் ஏற்கும் அளவுக்கு நெருக்கம் இருந்ததா? இருந்தாலும், பொதுநலன் கருதி, பிறருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் 'கவனக் கடமை'யைச் சுமத்தாமல் விட வேண்டிய காரணம் உண்டா? இந்த வரிசையை எல்லா மாணவரும் முதல் பருவத்திலேயே ஒப்பித்துவிடுவார்கள். மின்தூக்கிக் கதைக்குள் அதை ஒவ்வொரு படியாக இறக்கி எழுதுவதற்குத்தான் கை பழக வேண்டும்.

இரண்டாவது, காலக் கணக்கு. நான் ஒவ்வொரு விடுமுறையும் துணைப்பாட வகுப்பு எடுத்துச் சம்பாதித்தேன். வீட்டுக்கு உதவியாக இருந்தது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பெரிய சட்ட நிறுவனங்கள் தங்களிடம் விடுமுறையில் இன்டர்ன்ஷிப் செய்த மாணவர்களிலிருந்துதான் பெரும்பாலும் பயிற்சி ஒப்பந்தத்துக்கு ஆள் எடுக்கின்றன என்பது மூன்றாம் ஆண்டில்தான் எனக்குத் தெரிய வந்தது. ஒரு விடுமுறையில் நான்கு வாரம் ஒதுக்கியிருந்தால் போதும். அதைச் சொல்ல ஆள் இல்லை.

வழிகாட்டி சரியாக என்ன செய்வார்? அறிவுரை சொல்வாரா?

அறிவுரை எங்கும் கிடைக்கும். ஒரு வழிகாட்டி செய்யக்கூடிய பெரிய உதவி என்ன என்று என்னைக் கேட்டால், மாணவர் எழுதியதை உட்கார்ந்து வாசிப்பது என்பேன். அதற்கு ஈடாக வேறெதையும் நான் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை தேக்கா உணவங்காடியில் முதலாண்டு மாணவர் ஒருவரோடு உட்கார்ந்திருந்தேன். நான்கு பக்க விடை ஒன்றை அச்செடுத்து வந்திருந்தார். தே தாரிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். முதல் ஒன்றேகால் பக்கமும் ஸ்பான்டெக் வழக்கின் கதை: ஒப்பந்தக்காரர் யார், கட்டுமானப் பணிக்கு யார் சான்றளித்தார், பணம் ஏன் குறைந்தது, யார் தோற்றார். எழுத்து அழகாக இருந்தது. முழுவதையும் ஒரு கோடு போட்டு அடித்தேன். தம்பியின் முகம் வாடிவிட்டது.

"அக்கா, இதெல்லாம் தப்பா?"

"ஒண்ணும் தப்பில்ல தம்பி. ஆனா கேள்வி யாரப் பத்தி?"

"மின்தூக்கி கம்பெனி."

"அவங்க பேரு முதல்ல எங்க வருது?"

அவர் பக்கங்களைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தின் நடுவில் இருந்தது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, அடித்த இடத்துக்கு மேலே ஓரத்தில் தானே எழுதினார்: 'காயமடைந்தவருக்கு நிறுவனம் கவனக் கடமைப்பட்டிருந்ததா என்பதே முதல் பிரச்சினை.' அந்த ஒரு வாக்கியத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. அதற்கடுத்த விடையில் அவர் கதை சொல்லவில்லை.

இதே விஷயத்தை அவருடைய விரிவுரையாளரும் முதல் வாரமே சொல்லியிருப்பார். மண்டபத்தில் எல்லாருக்குமாகச் சொல்லும்போது, அது தன்னுடைய மூன்றாம் பக்கத்தைப் பற்றியது என்று யாருக்கும் தோன்றாது.

மற்றபடி, இன்டர்ன்ஷிப் விண்ணப்பத்தைப் பார்த்துத் தருவது, நேர்முகத்துக்குப் பயிற்சி கொடுப்பது, தெரிந்த ஒருவரிடம் அறிமுகப்படுத்துவது எல்லாம் வழிகாட்டியின் வேலைதான். வேலை வாங்கிக் கொடுப்பது அவர் பொறுப்பு கிடையாது. அந்த எதிர்பார்ப்போடு வந்தால் இருவருக்கும் சங்கடம்.

அப்படி ஒருவரை எங்கே தேடுவது?

பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சட்டக் கல்வி தரும் மூன்று பல்கலைக்கழகங்களிலும் மூத்த மாணவர்கள், முன்னாள் மாணவர்கள் என்று ஏதாவது ஒரு வழிகாட்டுதல் ஏற்பாடு இருக்கும். அறிமுக வாரத்தில் வரும் மின்னஞ்சல் குவியலில் அது காணாமல் போய்விடும்; தேடி எடுங்கள். சிங்கப்பூர் வழக்கறிஞர் சங்கமும் இளம் வழக்கறிஞர்களுக்காக வழிகாட்டுதல் திட்டங்கள் நடத்துகிறது. படிக்கும்போதே அவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு வழியும் உண்டு, பலர் அதை வழியாகவே நினைப்பதில்லை. இங்கே சட்ட மாணவர்கள் பட்டம் பெறுவதற்குள் குறைந்தது 20 மணி நேரம் இலவசச் சட்டச் சேவையில் ஈடுபட வேண்டும். கணக்குக்கு முடித்துக் கையொப்பம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் இலவசச் சட்ட உதவி அமைப்பான புரோ போனோ எஸ்ஜி நடத்தும் சட்ட ஆலோசனைச் சந்திப்புகளுக்குப் போய்ப் பாருங்கள். வேலை முடித்துக் களைத்து வந்த ஒரு வழக்கறிஞர், வாடகைப் பிரச்சினையோடு வந்த ஒரு பாட்டியிடம் இருபது நிமிடம் பொறுமையாகப் பேசுவார். பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பது நீங்கள். அன்று இரவு பேருந்து நிறுத்தம் வரை அவரோடு நடந்து போகும்போது கேட்கிற கேள்விக்கு எந்த அதிகாரபூர்வத் திட்டத்திலும் கிடைக்காத பதில் கிடைக்கும். நாடாளுமன்ற உறுப்பினர்களின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிகளில் கடிதம் எழுதித் தரும் தொண்டர்களிலும் வழக்கறிஞர்கள் இருப்பார்கள். தமிழ் தெரிந்த மாணவர் வந்தால் அங்கே நிச்சயம் வேலை இருக்கும்.

தமிழ்ச் சமூகத்துக்குள் என்றால் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம். 1991இல் தொடங்கிய அமைப்பு. பலர் அதைப் பள்ளிப் பிள்ளைகளின் துணைப்பாட வகுப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். பல்கலைக்கழக மாணவர்களுக்கும் அங்கே கதவு திறந்திருக்கிறது. பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவைகளும் அப்படித்தான். கலை நிகழ்ச்சிக்காகச் சேர்ந்த இடத்தில், சில ஆண்டு மூத்த சட்ட மாணவர் ஒருவர் மேடைக்குப் பின்னால் திரை இழுத்துக்கொண்டிருப்பார்.

முன்பின் தெரியாத வழக்கறிஞருக்கு எப்படி எழுதுவது? தொந்தரவாக நினைக்க மாட்டாரா?

சுருக்கமாக எழுதினால் நினைக்க மாட்டார். நீளமான தன்வரலாறு வேண்டாம். "வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு சட்டம் படிக்கிறேன். என் குடும்பத்தில் சட்டம் படிக்கும் முதல் ஆள் நான். சென்ற மாதம் சமூக மன்றத்தில் குடும்ப வன்முறை பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டேன். குடும்ப வழக்குகளில் தொடக்க ஆண்டுகள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். உங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில், உங்களுக்கு வசதியான நாளில் இருபது நிமிடம் கிடைக்குமா?" இவ்வளவு போதும். நீங்கள் யார், ஏன் குறிப்பாக இவர், என்ன வேண்டும், எவ்வளவு நேரம். "எனக்கு வழிகாட்டியாக இருப்பீர்களா?" என்று முதல் கடிதத்திலேயே கேட்காதீர்கள். பொறுப்பு பெரிதாகத் தெரிந்து பின்வாங்குவார்கள். மூன்றாவது சந்திப்புக்குள் அது தானாக நடந்துவிடும்.

பதில் வரவில்லையா, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். வழக்கு விசாரணை நடந்துகொண்டிருந்தால் எங்களால் சொந்த வீட்டு மின்னஞ்சலைக்கூடப் பார்க்க முடியாது. சந்தித்த பிறகு அன்றிரவே நன்றி சொல்லி இரண்டு வரி. அவர் ஏதாவது செய்யச் சொல்லியிருந்தால் செய்துவிட்டு அதைத் தெரிவியுங்கள். என்னைத் தேடி வருகிறவர்களில் இந்தக் கடைசி விஷயத்தைச் செய்பவர்கள் குறைவு. செய்பவர்களை நான் மறப்பதில்லை.

எப்படி அழைப்பது என்றும் கேட்கிறார்கள். ஆங்கிலக் கடிதத்தில் திரு, திருமதி என்று மரியாதையாகவே தொடங்குங்கள். நேரில் தமிழில் பேச ஆரம்பித்ததும் சார், அக்கா, அண்ணா எதுவென்று அவரே சொல்லிவிடுவார்.

வழிகாட்டி தமிழராக இருந்தால்தான் நல்லதா?

இரண்டு பேர் வைத்துக்கொள்ளுங்கள். வேலையைக் கற்றுத் தருபவர் எந்த இனத்தவராக இருந்தாலும் சரி, அந்தத் துறையில் தேர்ந்தவராக இருந்தால் போதும். எனக்குச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு சீன வழக்கறிஞர். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றதுதான் இன்றும் கைகொடுக்கிறது.

ஆனால் சில விஷயங்களைத் தமிழரிடம் பேசினால் விளக்கம் சொல்லாமலே புரியும். வார இறுதியில் தங்கையின் படிப்பை நான்தான் பார்க்க வேண்டும், அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும், கல்யாணத்துக்கு வராவிட்டால் பெரியப்பா கோபித்துக்கொள்வார் என்று சொல்லும்போது அவர் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல் முதலாண்டு மாணவருக்குப் பெரிய ஆறுதல்.

நம்மவர்கள் இத்துறையில் புதியவர்களும் அல்லர். பேராசிரியர் எஸ். ஜெயக்குமார் 1974 முதல் 1980 வரை சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் சட்டத் துறையின் தலைவராக இருந்தவர், பின்னர் 1988இலிருந்து 2008 வரை சட்ட அமைச்சர். அவருக்கு அடுத்து அந்தப் பொறுப்புக்கு வந்த கா. சண்முகம் 1998இலேயே மூத்த வழக்கறிஞர் தகுதி பெற்றவர். பெயர்கள் பெருமையாக இருக்கின்றன, சரி. ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அவர்களைவிட, இரண்டு வருடம் முன்னால் போய்க்கொண்டிருக்கும் ஓர் அக்கா அதிகம் பயன்படுவார்.

பண உதவி உண்டா?

உண்டு. சிங்கப்பூர் குடிமக்களுக்கான மானியம் போகவும் சட்டப் படிப்புக் கட்டணம் ஆண்டுக்குப் பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டும். பல்கலைக்கழகத்தின் கல்விக் கட்டணக் கடன் திட்டத்தில், மானியம் கழித்த கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கடன் கிடைக்கும். படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. பெற்றோரின் மத்திய சேம நிதிச் சாதாரணக் கணக்கிலிருந்தும் எடுக்கலாம், ஆனால் பிள்ளை படிப்பை முடித்த பிறகு அதை வட்டியோடு அந்தக் கணக்குக்கே திருப்பிக் கட்ட வேண்டும். அம்மா அப்பாவின் ஓய்வுக்காலப் பணம் அது, மறந்துவிடாதீர்கள்.

இவற்றுக்கு முன்னால் உதவிநிதிகளுக்கு விண்ணப்பியுங்கள்: பல்கலைக்கழகம் தருவது, சிண்டா தருவது, சட்டத் துறைக்கென்றே நன்கொடையாளர்கள் வைத்திருப்பது. "நம்மளவிட கஷ்டப்படுறவங்க இருப்பாங்க" என்று சொல்லி விண்ணப்பிக்காமல் இருக்கும் குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். வேலை பார்க்கும் இந்தியர்களின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் சிண்டா நிதிக்குப் பிடித்தம் போகிறது. உங்கள் அப்பாவும் இருபது வருடமாகக் கொடுத்திருப்பார். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எங்களுக்குச் சட்டம் தெரியாது. பெற்றோராக நாங்கள் என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பல அம்மாக்களின் குரல் தாழ்ந்துவிடும். அப்படித் தாழ வேண்டிய அவசியமே இல்லை.

என் அம்மா ஆறாம் வகுப்போடு நிறுத்தியவர். மூட் எனப்படும் மாதிரி நீதிமன்ற வாதப் போட்டிக்கு முந்தின இரவு, சமையலறையில் அவரை நாற்காலியில் உட்கார வைத்து நான் நின்றுகொண்டு வாதிட்டேன், ஆங்கிலத்தில். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "நடுவுல ஒரு எடத்துல குரல் கம்மியாச்சு பாரு, அங்க உனக்கே நம்பிக்கை இல்ல" என்றார். போய்ப் பார்த்தால் அது எனக்கு ஆதாரமே கிடைக்காத வாதம். அதை எடுத்துவிட்டேன்.

கேட்க ஓர் ஆள். அது ஒன்று. இரண்டாவது, இடம். மூவறை வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவே நூற்றைம்பது பக்கத் தீர்ப்பைப் படிக்க முடியாது. இரவு ஒன்பது மணிக்குமேல் ஒரு மேசை, ஒரு விளக்கு, அமைதி. முடியாவிட்டால் நூலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போய்த் தாமதமாக வருவதை அனுமதியுங்கள், மகளாக இருந்தாலும். மூன்றாவது, முதல் பருவத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் பதறாதீர்கள். பள்ளி முழுக்க ஏ வாங்கிய பிள்ளை முதல்முறையாக பி, சி பார்ப்பது சட்டப் படிப்பில் சாதாரணம். அன்றைக்கு வீட்டில் யாரும் உறவினர் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாமல் இருந்தாலே பெரிய உதவி.

உறவினர்கள் இப்போதே கடிதங்களைக் கொண்டுவந்து "கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்கிறார்கள். சொல்லலாமா?

சொல்லக் கூடாது. தகுதி பெறாதவர் வழக்கறிஞரைப் போலச் செயல்படுவது வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்கீழ் குற்றம். மாமாவுக்கு உதவியாகத்தான் செய்தேன் என்று நினைத்துக் கோரிக்கைக் கடிதம் எழுதிக் கொடுத்துச் சிக்கலில் மாட்டிக்கொள்ளாதீர்கள். "எனக்கு இன்னும் அனுமதி இல்ல மாமா, ஆனா இலவசமா பார்க்கிற எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லுங்கள். சட்ட ஆலோசனைச் சந்திப்புக்கு நேரம் பதிவு செய்து, காகிதங்களை நாள் வரிசையில் அடுக்கிக் கொடுத்து, கூடவே போங்கள். மாமாவுக்கும் வேலை நடக்கும், நீங்களும் ஒரு வழக்கறிஞர் எப்படிக் கேள்வி கேட்கிறார் என்று பார்ப்பீர்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தவர்கள், வேலை பார்ப்பவர்கள் இதில் நுழைய முடியுமா?

முடியும். தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சட்டம், நிர்வாகம் சேர்ந்த பட்டயப் படிப்பு இருக்கிறது. அங்கிருந்து பல்கலைக்கழகம் போனவர்களை எனக்குத் தெரியும். வேறு பட்டம் வாங்கியவர்கள், அவர்களுக்கென்றே உள்ள ஜேடி என்ற சட்டப் பட்டம் படிக்கலாம். சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்விப் பிரிவு 2017இல் தொடங்கியபோதே குற்றவியல், குடும்பச் சட்டத்துக்கு ஆள் தேவை என்பதையும், வேலை அனுபவம் உள்ளவர்கள் அந்தத் துறைக்குப் பொருந்துவார்கள் என்பதையும் மனத்தில் வைத்துத்தான் தொடங்கினார்கள். சமூக சேவையில் இருந்தவர், காவல்துறையில் இருந்தவர் அங்கே ஒன்றாக உட்கார்ந்து படிக்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டி இன்னும் முக்கியம், ஏனென்றால் தவறான திசையில் செலவழிக்க அவர்களிடம் நேரமே இல்லை.

பிரிட்டனில் படிக்கப் போகிறேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், கூடவே ஒரு எச்சரிக்கை. இங்கே தொழில் செய்ய, அரசாங்கம் அங்கீகரித்த பட்டியலில் உள்ள பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும். 2016இல் சேர்ந்தவர்களிலிருந்து பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் எண்ணிக்கை 19லிருந்து 11 ஆகக் குறைக்கப்பட்டது. முகவரை நம்பாமல் சட்ட அமைச்சின் பட்டியலை நீங்களே பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். திரும்பி வந்ததும் பார்ட் ஏ என்ற கூடுதல் தேர்வும் உண்டு. உள்ளூரில் படித்தவர்களுக்கு இருக்கும் நட்பு வட்டம் உங்களுக்கு இருக்காது என்பதால், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இங்குள்ள இருவரையாவது சந்தித்துவிட்டுப் போங்கள்.

பட்டம் வாங்கியாகிவிட்டது. இனியும் வழிகாட்டி வேண்டுமா?

உண்மையில் இப்போதுதான் அதிகம் வேண்டும். வழக்கறிஞராவதற்கு எழுத வேண்டிய பார்ட் பி தேர்வு, அப்புறம் பயிற்சிக் காலம். முன்பு ஆறு மாதமாக இருந்ததை, 2024 பார்ட் பி தொகுதியிலிருந்து ஓராண்டாக்கிவிட்டார்கள். எல்லாருக்கும் இன்னும் கொஞ்சம் பொறுமையாகக் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். ஆனால் ஓராண்டு என்பது, மேற்பார்வை செய்யும் வழக்கறிஞர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்து மிக நல்ல ஆண்டாகவோ மிக நீண்ட ஆண்டாகவோ அமையும்.

பயிற்சிக் காலத்தில் நான் தயாரித்த ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் தேதி தவறு. என் மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் கத்தினார். தவறு எப்படி நேர்ந்தது, இனி எப்படிச் சரிபார்ப்பது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மூன்று வாரம் ஒவ்வொரு காகிதத்தையும் கை நடுங்க ஏழெட்டு முறை பார்த்தேன், அப்படியும் எனக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை. வேறோர் அலுவலகத்தில் இருந்த அக்கா ஒருவர்தான், "முதல்ல தேதி மட்டும் ஒரு தடவ, அப்புறம் பேர் மட்டும் ஒரு தடவ, அப்புறம் இணைப்பு எண் மட்டும். ஒண்ணா எல்லாத்தையும் பார்க்காத" என்று சொல்லித் தந்தார். இன்றும் அப்படித்தான் பார்க்கிறேன்.

தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன், புதிய வழக்கறிஞர்கள் பதவியேற்கும் நிகழ்வுகளில், இளையவர்கள் தொழிலை விட்டுப் போவது பற்றியும் மூத்தவர்களுக்குள்ள வழிகாட்டும் பொறுப்பு பற்றியும் திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறார். மேலிருந்து அந்தக் குரல் வருவது எனக்குப் பெரிய நிம்மதி.

வழிகாட்டி எனக்குப் பொருந்தவில்லை என்றால்?

சண்டை போட வேண்டாம், சந்திப்புகளை மெல்லக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்களைச் சம்பளமில்லா உதவியாளராக நடத்துகிறவர், தனியாக இரவில் சந்திக்கச் சொல்கிறவர், தன் வழக்குகளில் கட்சிக்காரரின் ரகசியங்களைக் கதையாகச் சொல்கிறவர்: இவர்களிடமிருந்து உடனே விலகுங்கள். நீங்கள் யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை. திட்டத்தின் மூலம் அமைந்தவர் என்றால் நடத்துபவர்களிடம் தெரிவியுங்கள்.

படிப்பே வேண்டாம் என்று தோன்றுகிற நாள்களில்?

அந்த எண்ணத்தோடு தனியாக இருக்காதீர்கள். பல்கலைக்கழக ஆலோசகரிடம் போவதில் எந்தக் கேவலமும் இல்லை. அது உங்கள் மதிப்பெண் பட்டியலில் ஏறாது. உயிரையே வெறுக்கும் அளவுக்கு மனம் கனத்தால் 1767 என்ற எண்ணில் சமாரிட்டன்ஸ் அமைப்பினர் 24 மணி நேரமும் பேசுவார்கள். நள்ளிரவில் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பிய மாணவர்கள் இருக்கிறார்கள். ஒருவர்கூட எனக்குத் தொந்தரவாகத் தோன்றியதில்லை. படிப்பை மாற்றிக்கொண்டு ஆசிரியரான ஒரு பெண் தீபாவளிக்குத் தீபாவளி முறுக்கு கொண்டுவந்து தருகிறாள். நன்றாக இருக்கிறாள்.

எங்கள் சங்கமோ கோயிலோ சட்ட மாணவர்களுக்கு ஏதாவது செய்ய விரும்புகிறோம். என்ன செய்யலாம்?

பொன்னாடை போர்த்திப் படம் எடுப்பதற்கு முன்னால் மூன்று வேலை இருக்கிறது. தேர்வுக்கு முந்தைய ஆறு வாரம், உங்கள் கட்டடத்தில் மாலையில் காலியாக இருக்கும் அறையைப் படிக்கத் திறந்துவிடுங்கள், நல்ல இணைய வசதியோடு. உங்கள் உறுப்பினர்களில் வழக்கறிஞர்கள் இருந்தால் நேர்முகப் பயிற்சிக்கு ஒரு மாலை ஒதுக்கச் சொல்லுங்கள். பள்ளி விடுமுறையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளை ஹேவ்லாக் சதுக்கத்திலுள்ள அரசு நீதிமன்றங்களுக்கு அழைத்துப் போங்கள். பெரும்பாலான விசாரணைகளைப் பொதுமக்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம், கட்டணம் கிடையாது. சாட்சிக் கூண்டில் ஒரு தமிழர் நின்று, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அவருடைய சொல்லை ஆங்கிலமாக்குவதை ஒரு பிள்ளை நேரில் பார்த்துவிட்டால், தமிழும் சட்டமும் சேர்ந்து தெரிந்த ஆளுக்கு இந்த ஊரில் என்ன வேலை இருக்கிறது என்று நாம் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை.

1950களில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெற வேண்டும் என்று தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னின்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, தங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தை எட்டிப் பார்ப்பார்களா என்றுகூடத் தெரியாத உழைப்பாளிகளும் அதில் கொடுத்தார்கள். அதை நினைத்துத்தான் உங்களிடம் அறையையும் மாலை நேரத்தையும் கேட்கிறேன்.

நான் இப்போது இரண்டாம் ஆண்டு. எப்போது வேறொருவருக்கு வழிகாட்டலாம்?

இன்றைக்கே. முதலாண்டு மாணவருக்கு நான்காவது வாரத்தில் வரும் பயம் உங்களுக்கு இன்னும் மறந்திருக்காது. எனக்கு அது மங்கிவிட்டது. உங்கள் நல்ல விடைத்தாளை அவருக்குக் காட்ட வேண்டாம், அதை எல்லாரும் காட்டுவார்கள். திருத்தல் நிறைந்த தாளைக் கொண்டுபோங்கள். முதலாண்டில் நான் எழுதிய சட்டக் குறிப்பு ஒன்று, விரிவுரையாளரின் பென்சில் குறிகளோடு, இன்னும் ஒரு நீலக் கோப்பில் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் 'யாருக்கு இந்தக் கடமை?' என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருப்பார். புதிதாக ஒருவர் தேக்காவில் என் எதிரே வந்து உட்கார்ந்தால், அவருடைய விடையைக் கேட்பதற்கு முன்னால் அந்த நீலக் கோப்பைத்தான் மேசையில் வைக்கிறேன்.